'சபோட்டாஜ்' என்றால் நாசவேலைதானா?

அறுபதடி ரோடு எழுதியது:

வணக்கம். ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் அவசரம்.

தாராவியில் எங்கள் சாலில், அதாவது ஒற்றை அறை வரிசை வீடுகளில், பக்கத்து அறையில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். இருபத்திரண்டு வருஷமாகத் தையல் வேலை. இப்போது சாக்கிநாகா பக்கம் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறார். போன சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. என்னிடம் கொண்டுவந்தார்.

அவரும் இன்னும் மூன்று பேரும் ஓவர்டைம் காசு கேட்ட பிறகு வேண்டுமென்றே மெதுவாகத் தைத்தார்கள், தையலைக் கெடுத்தார்கள், அதனால் ஒரு ஆர்டர் தாமதமாகிவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. 'சபோட்டாஜ்' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. ஏழு வேலை நாளில் பதில் கொடுக்க வேண்டும்.

நான் அகராதியைப் பார்த்து 'நாசவேலை' என்று படித்துச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நாசமா? நான் யாரை நாசம் பண்ணினேன் தம்பி? குண்டு வைக்கிறவனைச் சொல்ற வார்த்தையில்லையா அது?" என்றார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றார். அதன் பிறகு அண்ணாச்சி சாப்பிடவே இல்லை.

நான் சொன்னது சரியான தமிழா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்கா சேகர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது சரி. பதினெட்டு வருஷமாக ஆவணங்களை மொழிபெயர்த்துத்தான் சாப்பிடுகிறேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். சபோட்டாஜுக்குத் தமிழில் நிலைத்த சொல் நாசவேலை. தண்டவாளத்தில் பாறாங்கல் கிடந்தால் மறுநாள் பேப்பரில் 'நாசவேலையா? போலீஸ் விசாரணை' என்றுதான் வரும். படிக்கிற எல்லாருக்கும் புரியும்.

அவர் முகம் வாடியது எனக்கும் வருத்தம்தான். அதற்காகச் சொல்லை மாற்றக் கூடாது. குற்றச்சாட்டு கனமானது. அதை லேசாக்கிச் சொன்னால் அவர் பதிலையும் லேசாக எழுதுவார், வேலை போய்விடும். எவ்வளவு பெரிய கல்லைத் தன் தலையில் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கோலிவாடா குமார் எழுதியது:

இந்தச் சொல் வந்த கதை எனக்குத் தெரியும். பிரான்சில் ஏழைகள் மரச்செருப்பு போடுவார்கள். அதற்கு 'சபோ' என்று பெயர். விசைத்தறி வந்து கைவேலைக்காரர்கள் பிழைப்பு போனதும், கோபத்தில் செருப்பைக் கழற்றித் தறிக்குள் வீசினார்கள். தறி உடைந்தது. அதிலிருந்து வந்ததுதான் சபோட்டாஜ். ஆக, சொல் பிறந்ததே மெஷினை உடைத்ததில்தான். நாசவேலை என்பது பொருத்தம்தான். ஆனால் அதைச் செய்தவன் வயிறு எரிந்தவன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முலுண்ட் வாசகி எழுதியது:

குமார், அந்தக் கதையை நானும் பிரெஞ்சு வகுப்பில் சேருவதற்கு முன்பு நம்பிக்கொண்டிருந்தேன். அது நிற்காது.

சபோ என்றால் மரச்செருப்பு, அதில் சந்தேகமில்லை. ஒரே கட்டையைக் குடைந்து செய்வது. அதிலிருந்து 'சபோத்தே' என்றொரு வினை வந்தது. முதலில் அதற்கு அந்தச் செருப்போடு தடதடவென்று நடப்பது என்றுதான் பொருள். அப்புறம் வேலையைத் தாறுமாறாக, அரைகுறையாகச் செய்வது என்று ஆனது. நம் ஊரில் ஏனோதானோ என்று செய்வது என்போமே, அதேதான். 'சபோட்டாஜ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரச்செருப்பு செய்யும் தொழில் என்றே பொருள் இருந்தது.

தொழிற்சங்கப் பொருள் வந்தது 1890களில். பிரான்சின் தொழிலாளர் சம்மேளனம் 1895இல் உருவானது. 1897இல் துலூஸ் நகரத்தில் கூடிய அதன் மாநாட்டில் எமில் பூஜே என்பவரும் தோழர்களும் இதை ஒரு போராட்ட முறையாக முன்வைத்தார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியது தறியை அல்ல, ஸ்காட்லாந்துத் துறைமுகத்தை. 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் வயல்வேலைக்காரர்களைக் கூட்டிவந்து மூட்டை இறக்கினார்கள். அவர்களுக்கு வேலை சரியாக வரவில்லை, ஆனாலும் அவர்களையே புகழ்ந்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் எல்லாரையும் வேலைக்குத் திரும்பச் சொல்லி, கூடவே ஒரு வார்த்தை சொன்னது: அந்த வயல்காரர்கள் எப்படிச் செய்தார்களோ அப்படியே நீங்களும் செய்யுங்கள். மூட்டை மெதுவாக நகர்ந்தது, சில நேரம் தண்ணீரிலும் விழுந்தது. கொஞ்ச நாளில் கேட்ட கூலி கிடைத்தது.

பூஜே வைத்த கோஷத்தின் சாரம், மோசமான கூலிக்கு மோசமான வேலை. தமிழில் சொன்னால் காசுக்கேத்த தோசை. மெஷினை உடைப்பது அதில் ஒரு ஓரத்தில் இருந்தது. நடுவில் இருந்தது மெதுவேலை.

செருப்பை வீசிய கதை உண்மையானால் சொல்லும் அந்தப் புதுத் தறிகள் வந்த காலத்திலேயே கிடைத்திருக்க வேண்டும். இந்தக் கதையில் வழக்கமாகச் சொல்லப்படும் ஜக்கார் தறி 1800களின் தொடக்கம். இந்தப் பொருள் வருவதோ தொண்ணூறு வருஷம் கழித்து.

கோலிவாடா குமார் எழுதியது:

ஆண்டுக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெஷினை உடைத்தது கதை இல்லை. இங்கிலாந்தில் 1811இல் தொடங்கி லுட்டைட்டுகள் என்ற துணித் தொழிலாளிகள் உடைத்தார்கள். 1812இல் அதற்குத் தூக்குத் தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபு மேல்சபையில் அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார்.

முலுண்ட் வாசகி எழுதியது:

உடைத்தார்கள், ஆனால் செருப்பால் இல்லை, சம்மட்டியால். யார்க்‌ஷயர் பக்கத்தில் அந்தச் சம்மட்டிக்கு 'ஈனக்' என்று பேரே வைத்திருந்தார்கள், செய்த கொல்லரின் பெயர். துணி வெட்டும் இயந்திரத்தைச் செய்ததும் அதே ஈனக் டெய்லரின் பட்டறைதான். ஈனக் செய்ததை ஈனக்கே உடைக்கட்டும் என்பது அவர்கள் பேச்சு. ஆனால் அவர்கள் யாரும் சபோட்டாஜ் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பரவியதே 1910இல், பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது.

செருப்புக் கதை பின்னால் தொழிலாளிகளிடமே செல்லமாகிவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. சங்கம் மரச்செருப்பையே சின்னமாக அச்சடித்தது. ஆகவே நீங்கள் கேட்ட கதை யாரோ சும்மா கட்டியது இல்லை. ஆனால் அது சொல்லின் பிறப்பு இல்லை.

நடுவில் ஒன்று, விட மனசில்லை. 'சபோ' என்ற சொல்லுக்குள் 'சவாத்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல் இருக்கிறது, தேய்ந்த செருப்பு என்று பொருள். போர்த்துக்கீசியத்தில் அதன் உறவுக்காரச் சொல் 'சப்பாத்து'. இலங்கைத் தமிழர் இன்றும் ஷூவுக்குச் சொல்லும் சப்பாத்து அதேதான். நம் பம்பாயில் பார்சிகள் வீட்டுச் செருப்பை 'சபாத்' என்பதும் அதேதான். அந்த அண்ணாச்சியை உட்காரவிடாமல் செய்யும் சொல்லுக்கு நம் வாசலிலேயே உறவு கிடக்கிறது.

மாட்டுங்கா சேகர் எழுதியது:

வாசகி அவர்கள் சொன்னது நிறைய உழைத்துத் தெரிந்துகொண்ட விஷயம், மதிக்கிறேன். ஆனால் என் நிலை மாறவில்லை. சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, இன்று என்ன சொல்கிறது என்பது வேறு. சங்க இலக்கியப் பாட்டில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு 'சாம்பார் நல்ல நாற்றம்' என்று சொல்லுங்கள் பார்க்கலாம். வேர்ச்சொல்லைக் காட்டி அந்த வீட்டம்மாவைச் சமாதானம் செய்ய முடியுமா?

1897இல் துலூஸில் பேசியவர்கள் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. இன்றைய மும்பையில் ஒரு மனிதவளத் துறைக்காரர் எழுதியிருக்கிறார். அவர் மனதில் இருப்பது சேதம், சதி. அதற்குத் தமிழ் நாசவேலை.

சிவ்ரி செல்வி எழுதியது:

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஆனால் இதற்கு எழுத வேண்டும்.

என் அப்பா லால்பாக் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டினார். பட்லியாக, அதாவது வராதவருக்குப் பதில் ஆளாகச் சேர்ந்து, ஆறு வருஷம் கழித்துப் பேர் நிலைத்தது. 1982 மில் வேலைநிறுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், நான் நாலாம் வகுப்பு, அவருக்கும் இப்படி ஒரு காகிதம் வந்தது. மராட்டியில். அதில் 'காத்பாத்' என்று இருந்ததாம். மராட்டியில் சபோட்டாஜுக்கு அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். கொலை, சதி நடந்ததாகச் சந்தேகப்பட்டாலும் பேப்பரில் அதே சொல்தான் வரும். ஹிந்தியில் 'தோட்ஃபோட்' என்பார்கள், உடைத்தல் நொறுக்கல். மூன்று மொழியிலும் மூன்று விதமான பயம்.

நடந்தது இதுதான். நாடா தறியை விட்டுப் பறந்து, பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் கட்டிய நூலில், பாதி இழை அறுந்துபோனது. நாடா என்றால் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் மரக்கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். அதைத் தட்டிவிடுகிற தோல் பிக்கர் தேய்ந்திருந்தால் நாடா நேராகப் போகாது, ஒரு பக்கமாகக் கிளம்பும். பிக்கர் தேய்ந்துவிட்டது என்று அப்பா ஜாபரிடம், அதாவது மேஸ்திரியிடம், மூன்று தடவை சொல்லியிருக்கிறார். பறந்த நாடா அடுத்த தறிக்காரர் தோளில் பட்டது. அப்பாவே ஓடிப்போய்த் துணியை வைத்துக் கட்டினார். மறுநாள் அவர் பேரில் காத்பாத்.

விசாரணையில் தப்பித்தார். ஆனால் அந்தச் சொல்லை அவர் மறக்கவில்லை. 1982 ஜனவரி 18 அன்று மில் தொழிலாளிகள் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்தபோது, "இப்ப என்ன சொல்லுவானுங்க, ரெண்டரை லட்சம் பேருமே காத்பாத்தா?" என்று கேட்டார். வேலைநிறுத்தத்தை நடத்திய டாக்டர் தத்தா சாமந்த் கூட்டத்துக்கெல்லாம் அப்பா போவார். மில் திறக்கவே இல்லை.

சேகர் சார், நாசம் என்பது நம் வீடுகளில் சாபம். நாசமாய்ப் போ என்று பகையாளியைக்கூட எல்லாரும் சொல்லிவிட மாட்டார்கள். இங்கிலீஷ்காரனுக்குச் சபோட்டாஜ் என்ற சொல்லில் அந்தச் சாபம் கிடையாது. ஆபீசில் ஒருவன் இன்னொருவன் பதவி உயர்வைக் கெடுத்தாலும் சபோட்டாஜ் என்கிறார்கள், டயட்டில் இருக்கும்போது ஸ்வீட் நீட்டினாலும் சபோட்டாஜ் என்கிறார்கள். நாம் அதை நாசவேலை என்போமா? குழிபறிப்பு என்போம், உள்குத்து என்போம். தையல்காரர் மேல் வரும்போது மட்டும் ஏன் நாசம்?

பணிமனை பழனி எழுதியது:

பரேல் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் நானும் இருந்தேன். அப்போது மீசை முளைத்துக் கொஞ்ச நாள்தான். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைவர். சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களையும் பிடித்துப் போனார்கள். சங்கத்துக்காரன் என்றாலே நாசவேலைக்காரன் என்று பேசினார்கள். தண்டவாளத்தில் நான் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை, மாட்டியதுதான் அதிகம்.

அதனால் இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டைக் கழற்றிப் போடுகிறவனுக்கு நாசவேலைக்காரன் என்பதைவிட லேசான சொல் வேண்டாம். ஒரு பெட்டியில் எத்தனை உயிர் போகிறது என்று தெரிந்தவன் நான். ரயில்வே சட்டத்தில் 150ஆவது பிரிவு இருப்பதே அதற்காகத்தான். அதே சொல்லை மெதுவாகத் தைத்தவனுக்கும் போட்டால், கழற்றியவனுக்கு நாளைக்கு எந்தச் சொல்லை வைப்பது?

வாசகி அம்மா, ஒன்று கேட்க வேண்டும். பிரெஞ்சு ரயில்வேயில் ஸ்லீப்பர் கட்டையைச் செதுக்குவதையும் சபோட்டாஜ் என்பார்கள் என்று ஒரு பழைய இன்ஜினியர் எங்களிடம் சொன்னார். உண்மையா?

முலுண்ட் வாசகி எழுதியது:

உண்மைதான் ஐயா. தண்டவாளம் உட்காருவதற்காக மரக் கட்டையில் வெட்டுப் போடுவதை அப்படிச் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே அகராதியில் ஏறிய பொருள். அதாவது ஒரு காலத்தில் சபோட்டாஜ் செய்தால்தான் ரயில் ஓடும்.

இந்தச் சொல் கெட்டுப்போனதும் ரயிலில்தான். 1910 அக்டோபரில் பிரெஞ்சு ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பிரதமர் அரிஸ்தீத் பிரியான் அவர்களை ராணுவப் பணிக்கு அழைத்துவிட்டார். வேலைக்கு வராவிட்டால் ராணுவ விதிப்படி தண்டனை. இந்தப் பிரியான் தன் இளமையில் பொது வேலைநிறுத்தம் வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவர். சிக்னல் கம்பிகளைச் சிலர் அறுத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தக் கம்பி அறுப்போடு சேர்த்துத்தான் சொல்லை வாங்கிக்கொண்டன. கிளாஸ்கோவின் மெதுவேலை பின்னால் போய்விட்டது.

கோலிவாடா குமார் எழுதியது:

இங்கேயும் அதே கதைதான். 1942 ஆகஸ்ட் 8 அன்று நம் கோவாலியா டேங்க் மைதானத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகு நடந்தவற்றில் பலவற்றை வெள்ளைக்காரன் காகிதங்களில் சபோட்டாஜ் என்றே எழுதினான். கோயம்புத்தூர் பக்கம் சூலூர் விமான தளத்தைக் கொளுத்தியவர்களை நாம் இன்று தியாகி என்கிறோம். யார் கையில் பேனா இருக்கிறது என்பதைப் பொறுத்தது இந்தச் சொல்.

மாட்டுங்கா சேகர் எழுதியது:

காந்தியே அந்த வகை வேலைகளை ஏற்கவில்லை குமார். மறைவாகச் செய்வதும் சொத்தை அழிப்பதும் அகிம்சை ஆகாது என்றுதான் சிறையிலிருந்து வெளியே வந்தபின் சொன்னார். ஆகவே பேனா மட்டும் காரணமில்லை. அந்தச் செயலில் உண்மையாகவே ஒரு கனம் இருக்கிறது.

செல்வி அம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அநியாயம் செய்தது சொல் இல்லை, பொய்யான குற்றச்சாட்டு. 'காத்பாத்' என்பதற்குப் பதிலாக 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தாலும் அது பொய்தான்.

மெதுவேலை பாவமில்லாத விஷயம் என்பதையும் ஏற்க மாட்டேன். 1961இல் பாரத் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. வேலைநிறுத்தத்தைவிட அது கெடுதலாக இருக்கக்கூடும் என்றது. வேலைநிறுத்தத்தில் மெஷினை நிறுத்திவிடலாம், மெதுவேலையில் மெஷின் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், பாகங்கள் கெடும் என்று காரணமும் சொன்னது. மெதுவேலைக்கும் சேதத்துக்கும் நடுவில் நீங்கள் போடும் கோடு அவ்வளவு அழுத்தமானதில்லை.

முலுண்ட் வாசகி எழுதியது:

நல்ல வாதம். ஆனால் அதே தீர்ப்பு அதை மெதுவேலை என்றுதானே அழைத்தது? சட்டமும் இரண்டையும் வேறாகத்தான் வைத்தது. 1946ஆம் வருஷத்துப் பழைய நிலையாணைச் சட்டத்தின் மாதிரி நிலையாணையை, அதாவது வேலையிட விதிகளின் மாதிரியைப் பாருங்கள். முதலாளியின் பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் செய்வது அதில் ஒரு தனிக் குற்றமாக இருந்தது. மெதுவேலை தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், நியாயமற்ற தொழில் நடைமுறை என்ற பெயரில் வந்தது. இரண்டுக்கும் பதில் வேறு, சாட்சி வேறு. 'நாசவேலை' என்று ஒரே சொல்லில் கட்டிவிட்டால், எதற்குப் பதில் எழுதுகிறோம் என்றே அண்ணாச்சிக்குத் தெரியாமல் போகும்.

அமெரிக்க உளவுத்துறை 1944 ஜனவரியில் ஒரு கையேடு போட்டது, எதிரியின் பிடியில் இருந்த இடங்களில் சாதாரண மக்கள் செய்ய வேண்டிய எளிய சபோட்டாஜ் பற்றி. எண்ணெயில் அழுக்கைக் கலப்பதும் அதில் உண்டு. எல்லாவற்றையும் கமிட்டிக்கு அனுப்பு, கமிட்டியில் ஐந்து பேருக்குக் குறையாமல் போடு என்பதும் உண்டு. கமிட்டி போடுவதை எந்தத் தமிழனாவது நாசவேலை என்பானா? இங்கிலீஷ் சொல் அவ்வளவு அகலம், நம் சொல் அவ்வளவு ஒடுக்கம்.

பூஜே சொன்ன வகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வாய் திறப்பு. சரக்கில் என்ன கலப்படம் என்று வாடிக்கையாளரிடம் தொழிலாளி உண்மையைச் சொல்லிவிடுவது. பொய்யே இல்லாத சபோட்டாஜ்.

பணிமனை பழனி எழுதியது:

எல்லாரும் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தம்பி, கடிதத்தில் என்ன உடைந்தது என்று எழுதியிருக்கிறது? எந்தத் தேதி, எந்த மெஷின்? எங்கள் சங்கத்தில் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

அறுபதடி ரோடு எழுதியது:

ஐயா, நேற்று இரவு நீங்கள் கேட்டதை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். மெஷின் எதுவும் உடையவில்லை. உடைந்ததாக எழுதியிருப்பது ஊசி மட்டும். ஒரே வாரத்தில் மூன்று ஊசி.

ஊசி விஷயம் எனக்குத் தெரியாதது. அண்ணாச்சி விளக்கினார். ஏற்றுமதி கம்பெனியில் ஊசி உடைந்தால் சும்மா புது ஊசி கிடைக்காது. உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி வர வேண்டும். ஒரு சின்ன நுனி குறைந்தாலும் அந்த இடத்திலிருக்கும் துணியையெல்லாம் காந்தம் வைத்துத் தேடுவார்கள், குழந்தைச் சட்டையில் போய்விடக் கூடாதே என்று. அவருடைய மூன்று ஊசியும் ரெஜிஸ்டரில் முழுசாக இருக்கிறது. தேதியும் சூப்பர்வைசர் கையெழுத்தும் இருக்கிறது. மூன்று தடவை தேடியதில் ஒரு தடவை முக்கால் மணி நேரம் போனதாம். லைன் மெதுவானதில் பாதி அதுதான்.

தையல் விட்டது நூலால் என்கிறார். அந்த வாரம் வந்த நூல் மாற்றி வந்தது. ஒரு கண்டிலிருந்து கொஞ்சம் கிழித்துப் பையில் வைத்திருந்தார். என் முன்னாலேயே இரண்டு விரலால் இழுத்தார். சட்டென்று அறுந்தது. வீட்டில் இருந்த வேறு நூலை இழுத்தார், அது விரலை வெட்டுகிற மாதிரி நின்றது.

அப்புறம் நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்துக் காட்டினேன். செல்வி அக்காவின் அப்பா கதை வந்தபோது இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். செருப்புக் கதையை ரசித்தார். பிறகு வாசகி அக்கா சொன்னதை வைத்து, "அண்ணாச்சி, இந்தச் சொல்லுக்கு முதலில் நாசம் என்று பொருள் இல்லையாம், ஏனோதானோ என்று வேலை செய்வதாம், அப்படியே சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவருக்கு அதில்தான் கோபம் வந்தது. "நாசம்னு சொன்னா எவனோ பொய் சொல்றான்னு விட்டுறலாம். ஏனோதானோனு தச்சேன்னு சொன்னா நான் தொழிலே தெரியாதவன்னு ஆயிரும். இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு பீஸ் என் கையிலிருந்து அப்படிப் போனதில்ல தம்பி. அதை மட்டும் எழுதாதே" என்றார்.

சிவ்ரி செல்வி எழுதியது:

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. நான் லேசான சொல் கேட்டு வாதாடினேன். அவருக்கு அந்த லேசான சொல்தான் வலித்திருக்கிறது. அப்பாவும் இப்படித்தான். பாவு அறுந்ததைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் தறியில் அறுந்தது என்பார், நான் அறுத்தேன் என்று ஒருநாளும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

முலுண்ட் வாசகி எழுதியது:

வேரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அதை அவர் தலையில் வைக்கப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லின் வரலாறு பற்றி எழுதியதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கிளாஸ்கோக்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள். இவர் செய்யவே இல்லை. அப்படியானால் பழைய பொருளும் இவருக்குப் பொருந்தாது, புதிய பொருளும் பொருந்தாது.

மாட்டுங்கா சேகர் எழுதியது:

மொழிபெயர்ப்பில் நாசவேலை என்றே இருக்கட்டும், அதில் நான் இறங்க மாட்டேன். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியேதான் தமிழில் வைக்க வேண்டும். ஆனால் பழனி ஐயா கேட்ட கேள்வி நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. அந்தச் சொல் வரும் மூன்று இடத்திலும் அதற்கு முன்னும் பின்னும் என்ன வாக்கியம் இருக்கிறது என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஊசியைத்தான் சொல்கிறார்கள் என்றால் பதிலும் ஊசியைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் வெளியே, பூக்கடைப் பக்கம் நிற்பேன். கடிதத்தையும் அந்த நூலையும் எடுத்து வாருங்கள். ஊசி ரெஜிஸ்டரின் நகல் வேண்டும் என்று அவர் நாளைக்கே எழுத்தில் கேட்கட்டும், கேட்டதற்கு ஒரு காப்பி வைத்துக்கொள்ளட்டும். பதிலை நான் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

பணிமனை பழனி எழுதியது:

நானும் வருகிறேன். நூல் மாறி வந்தது மற்ற மூன்று பேருக்கும் தெரியுமா என்று கேட்டு வையுங்கள். தெரிந்தால் அவர்களையும் கூட்டிவாருங்கள்.

அறுபதடி ரோடு எழுதியது:

தெரியுமாம் ஐயா. இரண்டு பேர் பீகார்க்காரர்கள், தமிழ் வராது. கூட்டிவருகிறோம்.

பணிமனை பழனி எழுதியது:

வரட்டும். எனக்கு ஹிந்தி வரும்.